42 ஓடியவருக்கு 10 என்ன பெரிய விஷயமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். மாரத்தான் முடித்தாயிற்று, அடுத்து சின்ன தூரப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், எப்படித் தயாராவது? நாலு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பத்து நாள் முன்பு முதல் மாரத்தானை 4 மணி 30 நிமிடத்தில் முடித்தேன். இன்னும் பதினோரு வாரத்தில் 10 கிலோமீட்டர் போட்டி. "42 ஓடியவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமா, சும்மா போய் ஓடிவிட்டு வா" என்கிறார்கள் நண்பர்கள். இதற்கென்று தனியாகப் பயிற்சி வேண்டுமா?

முடிப்பது மட்டும்தான் எண்ணம் என்றால் நண்பர்கள் சொல்வது சரி, நாளைக்கே கூட முடிப்பீர்கள். ஆனால் கேள்வி அனுப்பும் அளவுக்கு யோசித்திருக்கிறீர்கள் என்றால் முடிப்பது மட்டும் உங்கள் எண்ணம் இல்லை.

உங்கள் மாரத்தான் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. அந்த வேகத்தில் மாதக்கணக்காக ஓடி ஓடி, உடம்பு அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. 10 கிலோமீட்டரில் நீங்கள் ஓட வேண்டியது சுமார் 5 நிமிடம் 50 விநாடியில். வித்தியாசம் முப்பத்து நாலு விநாடிதானே என்று தோன்றும், முதல் இரண்டு கிலோமீட்டருக்கு உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். மூன்றாவதில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், ஐந்தாவதில் "ஏண்டா வந்தோம்" என்று இருக்கும், இன்னும் பாதி தூரம் மிச்சம் இருக்கும்.

மாரத்தானில் நம்மைக் கவிழ்ப்பது மூச்சு இல்லை. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது தீர்ந்து வருகிறது, தொடை கல்லாகிறது, அங்கேதான் ஆள் உட்காருவது. 10 கிலோமீட்டரில் எரிபொருள் தாராளமாக மிச்சம் இருக்கும். அங்கே எல்லை வேறு: உடம்பால் எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துச் செலவழிக்க முடிகிறது, வேகமாக ஓடும்போது தசையில் சேரும் லாக்டேட் என்ற பொருளை எவ்வளவு வேகமாக மறுபடி எரிக்க முடிகிறது என்பதுதான் கணக்கு. மாரத்தான் பயிற்சி இதையும் கொஞ்சம் வளர்க்கும், ஆனால் முழுக்க இல்லை. ஆறு மாதம் நிதானத்தைப் பழகிவிட்டு வந்திருக்கிறீர்கள், இப்போது அவசரத்தைப் பழக வேண்டும்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன். என் முதல் மாரத்தானுக்குப் பிறகு மூன்றே வாரத்தில், பதக்கம் வாங்கிய மிதப்பில், 10 கிலோமீட்டர் போட்டிக்குப் போனேன். ஏழாவது கிலோமீட்டரில் வலது கெண்டைக்காலில் யாரோ கல்லெறிந்த மாதிரி ஒரு சுளீர். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. மிச்ச மூன்று கிலோமீட்டரை நொண்டி நடந்து முடிக்கையில், பொம்மை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு குழந்தை என்னை முந்திப் போனது. ஒன்றரை மாதம் ஓட்டம் கிடையாது.

கேள்வி: மாரத்தான் முடிந்து நாலாவது நாளே கால்வலி போய்விட்டது. அப்புறம் ஏன் மூன்று வாரம் நாலு வாரம் ஓய்வு என்கிறார்கள்?

வலி போவது ஒன்று, தசை ஆறுவது இன்னொன்று. மாரத்தானுக்குப் பிறகு தசைச் சேதத்தைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறி, இயல்புக்கு இறங்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குவதை நிறுத்தியவுடன் எல்லாம் சரியாகிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் மாரத்தான் வெள்ளி வென்றவர். போட்டியில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடுமையான ஓட்டம் வேண்டாம் என்ற கணக்கை அவர் பெயரில்தான் சொல்வார்கள். மாரத்தான் 26 மைல் சொச்சம், ஆக 26 நாள். கவனியுங்கள், ஓடவே கூடாது என்பதில்லை, கடுமையாக ஓடக்கூடாது என்பதுதான். முதல் வாரம் நடை போதும். இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது முப்பது நிமிடம், பக்கத்தில் ஒருவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். மூன்றாவது வாரம் வழக்கமான நாட்கள், பாதித் தூரம். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தால், தூக்கம் சரியில்லாமல் இருந்தால், இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் அலட்சியம் வேண்டாம். போட்டிக்குப் பிறகு சிறுநீர் அடர்பழுப்பாக, காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், ஓய்வில் சரியாகும் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

கேள்வி: சரி, ஓய்வு முடிந்தது. வாரத்துக்கு என்ன ஓடுவது? இன்டர்வல், டெம்போ, ஃபார்ட்லெக் என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது.

தலை சுற்றத் தேவையில்லை. ஆறு வாரம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், வாரத்தில் நாலைந்து நாள் ஓடுகிறீர்கள். அதில் இரண்டே நாள்தான் கஷ்டம், மிச்சமெல்லாம் மெதுவான ஓட்டம். மெதுவானது என்றால் நிஜமாகவே மெதுவாக. முதல் கேள்வி கேட்டவருக்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றாலும் தப்பில்லை. மாரத்தான் முடித்தவர்களின் பெரிய வியாதியே எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுவது. மெதுவான நாள் மெதுவாகவும் இராது, வேகமான நாள் வேகமாகவும் இராது.

முதல் இரண்டு வாரம் இன்டர்வல் பக்கமே, அதாவது விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சிப் பக்கமே, போக வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், சாதாரண ஓட்டம் முடிந்த பிறகு, சமதளத்தில் 80 முதல் 100 மீட்டர் வரை ஆறு தடவை, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி ஓடிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுக்கத் திரும்பும்வரை நடந்து வாருங்கள். ஸ்ட்ரைட்ஸ் என்பது இதுதான். கண்மண் தெரியாமல் ஓடுவதில்லை, தோள் தளர்ந்து, கால் லேசாக இருக்கவேண்டும். மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஓடிய காலுக்குத் தரையை விட்டு எழும்புவது எப்படி என்று ஞாபகப்படுத்துகிறோம், அவ்வளவே.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நாள் டெம்போ. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் என்று இதற்கு இலக்கணம் சொல்வார்கள். 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் முடிப்பவருக்கு டெம்போ வேகமும் போட்டி வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இதைப் பலர் கவனிப்பதில்லை. 35 நிமிடத்தில் முடிப்பவருக்கு எழுதிய அட்டவணையை அப்படியே எடுத்து ஓடினால் குழப்பம்தான் வரும். நம் 4:30 மாரத்தான்காரர் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 55 விநாடியிலிருந்து 6 நிமிடத்துக்குள் 12 நிமிடம் ஓடி, 3 நிமிடம் மெதுவாக ஓடி, மறுபடி 12 நிமிடம் ஓடினால் போதும். முடிக்கும்போது "இன்னொரு ஐந்து நிமிடம் முடியும், ஆனால் வேண்டாம்" என்று இருக்கவேண்டும்.

இன்னொரு நாள் இன்டர்வல். 1 கிலோமீட்டர் வீதம் நாலு தடவை, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் மெல்லோட்டம், வேகம் 5 கிலோமீட்டர் போட்டியில் ஓடுகிற அளவு. இவருக்கு அது 5 நிமிடம் 35 முதல் 40 விநாடி. போகப்போக ஐந்து தடவை ஆக்கலாம். எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. முதல் கிலோமீட்டரை உற்சாகத்தில் 5:15ல் ஓடிவிட்டு, வாட்சைப் பார்த்து தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டு, இரண்டாவதை 5:25ல் ஓடி, மூன்றாவதில் 5:50, நாலாவதில் முழங்காலில் கையை ஊன்றி நிற்பது. நாலாவது கிலோமீட்டரும் முதலாவதும் இரண்டு மூன்று விநாடிக்குள் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி சரியாக நடந்தது. முதலாவது ஓடும்போது கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கலாம், இருக்கட்டும்.

நீண்ட ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் குறையுங்கள். 14, 15 கிலோமீட்டர் தாராளம். முப்பது ஓடி வந்தவர்களுக்கு இது கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், "இன்னும் ஒரு பத்து சேர்த்தால் என்ன" என்று கால் கேட்கும். அந்தப் பத்தின் அசதி இரண்டு நாள் கழித்து இன்டர்வலில் வந்து நிற்கும்.

ஃபார்ட்லெக் ஸ்வீடிஷ் சொல், வேக விளையாட்டு என்று பொருள். அந்த நாட்டின் பயிற்சியாளர் குஸ்தா ஹோல்மர் 1930களில் உருவாக்கியது. அந்த மரம்வரை வேகம், அடுத்த வளைவுவரை மெதுவாக, அவ்வளவுதான். வாட்சைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும் வாரத்தில் இன்டர்வலுக்குப் பதிலாக இதைச் செய்யலாம்.

கேள்வி: 10 கிலோமீட்டருக்கு எத்தனை ஜெல் எடுத்துப் போகவேண்டும்?

நீண்ட ஓட்டத்தில் வழியில் சாப்பிடும் அந்தச் சர்க்கரைக் கூழ் ஒன்றும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குத் தேவையானது உடம்பிலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு பழகிய சாப்பாட்டை அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெயில் என்றால் வழியில் ஒரு வாய் தண்ணீர். மாரத்தான் பயிற்சியில் பழகின சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தூரம் குறைந்த செய்தி வயிற்றுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

கேள்வி: எனக்கு 52 வயது, மூன்று மாரத்தான் முடித்திருக்கிறேன், ஒரு காயம் கிடையாது. வேகப் பயிற்சி ஆரம்பித்த இரண்டே வாரத்தில் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலேயும் பிடித்துக்கொண்டது. இந்த வயதில் வேகம் நமக்கு ஒத்துவராதோ?

அம்மா, வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். வேகமாக ஓடும்போது கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாருக்கும் வேலை எக்கச்சக்கமாகக் கூடும், உங்கள் கால் அதற்குப் பழகியிருக்காது. மூச்சும் இதயமும் ஏற்கெனவே தயார் என்பதால் முதல் நாளே அவை சரி என்று தலையாட்டிவிடும். தசைநார் மெதுவாகத்தான் பலப்படும், அதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் வேண்டும். மாரத்தான் ஓடியவர்களுக்கு இந்த இடத்தில் அடிபடுவது இதனால்தான்.

இப்போதைக்கு வேகத்தை நிறுத்துங்கள். வலி இல்லாமல் மெதுவாக ஓட முடிந்தால் ஓடலாம். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி, மூன்று விநாடி எண்ணிக்கொண்டே இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒற்றைக் கால். மறுபடி வேகம் சேர்க்கும்போது லேசான மேட்டில் 15 விநாடி ஓட்டத்தில் ஆரம்பியுங்கள், கெண்டைக்கால் முணுமுணுத்தால் மேட்டை விட்டுவிட்டுச் சமதளத்துக்கு வாருங்கள். காலையில் முதல் அடி வைக்கையில் விறைப்பு நாளுக்கு நாள் கூடினாலோ, தொட்டால் ஒரே இடத்தில் கூர்மையாக வலித்தாலோ பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

கேள்வி: மாரத்தான் நேரத்தை வைத்து 10 கிலோமீட்டருக்கு என்ன இலக்கு வைப்பது?

பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தூரம் இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்குக்கும் சற்று மேலே, சுமார் 2.085 மடங்கு ஆகும் என்பதுதான் அதன் சாரம். அதன்படி மாரத்தான் நேரத்தை 4.6ஆல் வகுத்தால் 10 கிலோமீட்டர் நேரம் வரும். 4:30 என்பது 270 நிமிடம், வகுத்தால் 58 நிமிடம் 40 விநாடிச் சொச்சம்.

ஆனால் முதல் மாரத்தானில் கடைசிப் பத்தில் நடந்து வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சோம்பேறி இலக்கைத்தான் தரும், ஏனென்றால் அந்த நேரத்தில் நடையும் சேர்ந்திருக்கிறது. போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 5 கிலோமீட்டரை முழு மூச்சாக ஓடிப் பாருங்கள், அதை 2.085ஆல் பெருக்குங்கள். 27 நிமிடம் என்றால் 56 நிமிடச் சொச்சம். இது இன்னும் நம்பகமானது.

கேள்வி: போட்டி நாளன்று எப்படி ஓடுவது? மாரத்தானில் முதல் ஐந்து கிலோமீட்டரை வார்ம் அப் என்று வைத்துக்கொள்வேன்.

இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஐந்து கிலோமீட்டர் போனால் பாதிப் போட்டி போயிற்று. பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி, நாலு ஸ்ட்ரைட்ஸ் ஓடி, லேசாக வியர்த்த உடம்போடு கோட்டில் நில்லுங்கள். முதல் கிலோமீட்டரை இலக்கைவிட ஐந்து விநாடி மெதுவாக, கூட்டத்தில் பாதிப் பேர் உங்களை முந்தினாலும் பரவாயில்லை என்று விடுங்கள், அவர்களில் பலரை ஆறாவது கிலோமீட்டரில் மறுபடி சந்திப்பீர்கள். ஆறு முதல் எட்டு வரைதான் மனசு கள்ளத்தனம் செய்யும் இடம், வேகம் தானாகவே குறையும், குறைந்தது தெரியவும் தெரியாது. அங்கே முன்னால் ஓடும் ஒருவரின் முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கு மேல் யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது.

கேள்வி: மாரத்தானிலிருந்து 10க்கு வருவது கீழே இறங்கிய மாதிரி இல்லையா? குழுவில் கிண்டல் செய்கிறார்கள்.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் முதலில் 10,000 மீட்டர், அடுத்து 5,000 மீட்டர் தங்கம் வென்றுவிட்டுத்தான், அதுவரை ஓடியே இராத மாரத்தானையும் போய் வென்றார். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2003ல் 5,000 மீட்டர் உலகச் சாம்பியன், மாரத்தானுக்கு வந்தது பத்து வருடம் கழித்து. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 இரண்டிலும் வெண்கலம் வாங்கி, இரண்டே நாள் கழித்து மாரத்தானில் தங்கம் வாங்கினார். குழுவில் கிண்டல் செய்பவர் 10 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுவார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அனேகமாகப் பேச்சு ஷூ பக்கம் திரும்பிவிடும்.