பழைய வீடும் சொல்கிற விலையும்

கேள்வி: எட்டு மாதமாகச் சென்னையில் பழைய தனி வீடு தேடி அலைகிறேன். பார்த்தவை எல்லாம் ஒரு கிரவுண்டு மனை, எல்லாம் நாற்பது ஐம்பது வருடக் கட்டடம். ஆனால் மயிலாப்பூரில் ஒரு விலை, மேற்கு மாம்பலத்தில் ஒரு விலை, வேளச்சேரியில் ஒரு விலை. ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடுகளுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். செங்கல்லும் சிமெண்டும் ஊர் முழுக்க ஒரே விலைதானே? இது பகல் கொள்ளை இல்லையா? பழைய வீடுகளுக்கு அரசாங்கமே விலை நிர்ணயித்தால் என்ன? (புரசைவாக்கத்தில் உள்ள எங்கள் தகப்பனாரின் வீட்டை விற்கவும் இரண்டு வருடமாக முயல்கிறோம். நாங்கள் சொல்லும் நியாயமான விலைக்கு ஒருவரும் வருவதில்லை. எனக்கு மூன்று தங்கைகள்.)
— ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அடுத்தவர் தன் வீட்டுக்குச் சொன்னால் பகல் கொள்ளை. அப்பா வீட்டுக்கு நீங்கள் சொன்னால் நியாய விலை. புரசைவாக்கத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் செங்கல்லைப் பார்த்துவிடுவோம்.

பழைய தனி வீட்டுக்கு உங்களோடு போட்டி போடுகிறவர் உங்களைப் போன்ற இன்னொரு குடும்பஸ்தர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அவர் ஒரு பில்டர். அவர் வீட்டுக்குள் நுழைவதுகூடக் கிடையாது. ஊஞ்சல், முற்றம், சிவப்புத் தரை, பர்மாத் தேக்கு நிலைக்கதவு எதையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். வாசலில் நின்று தெருவை ஒரு முறை கண்ணால் அளப்பார், பத்திர நகல் கேட்பார், கிளம்பிவிடுவார். அவர் கணக்கில் கட்டடம் என்பது இடிக்க வேண்டிய ஒரு வேலை. தேக்கையும் இரும்பையும் எடுத்துக்கொள்ளும் பழைய சாமான் வியாபாரி அந்தச் செலவையும் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவார். வங்கியின் மதிப்பீட்டாளரும் ஏறக்குறைய இதே ரகம்தான். வருடத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்று கழித்துக்கொண்டே வந்தால், ஐம்பது வயது வீட்டில் மிஞ்சுவது சொற்பம். எனவே செங்கல் விலையை மறந்துவிடுங்கள். பழைய வீட்டில் அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

சரி, ஒரு கிரவுண்டு எங்கே இருந்தாலும் 2,400 சதுர அடிதானே என்பீர்கள். அளவு ஒன்றுதான், அதில் கட்ட முடிவது ஒன்றல்ல. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமாடி அல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2 என்று வைத்தன. அதற்கு முன்பு சென்னையில் அது 1.5. அதாவது 3,600 சதுர அடி கட்ட முடிந்த ஒரு கிரவுண்டில் 4,800 கட்டலாம் என்றாயிற்று. வீட்டுக்காரர் ஒரு கல்லை நகர்த்தவில்லை, சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. அவருடைய மனைக்குள் 1,200 சதுர அடி புதிதாக முளைத்துவிட்டது. ஆனால் எல்லா மனையிலும் முளைக்கவில்லை. தெரு குறுகலாக இருந்தால் எத்தனை குடியிருப்பு, எத்தனை மாடி என்பதற்கு வரம்பு உண்டு. தெரு அகலமாக இருந்தால் அரசுக்குக் கூடுதல் கட்டணம் கட்டி அந்த 2-க்கு மேலும் வாங்கிக்கொள்ளலாம். லஸ் சர்ச் சாலையில் ஒரு கிரவுண்டையும், மாட வீதியை ஒட்டி ஆட்டோ திரும்ப முடியாத சந்தில் ஒரு கிரவுண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மயிலாப்பூர். இரண்டிலும் கபாலீசுவரர் கோயில் மணி கேட்கலாம். ஒன்றில் பில்டர் எழுப்பக் கூடியதை மற்றதில் எழுப்ப முடியாது. விலை அங்கேதான் பிரிகிறது.

ஒரே தெருவில் எப்படி வித்தியாசம் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அறுபது அடி முகப்பும் நாற்பது அடி ஆழமும் கொண்டது ஒரு கிரவுண்டு. முப்பது அடி முகப்பும் எண்பது அடி ஆழமும் கொண்டதும் ஒரு கிரவுண்டுதான். பின்னதில் இரண்டு பக்கமும் சட்டப்படி இடம் விட்டு, கார் உள்ளே போக வழி விட்டு, மாடிப்படிக்கும் ஒதுக்கினால் மிஞ்சுவது ரயில் பெட்டி. மூலை மனையாக இருந்தால் ஒரு விலை. தெருக்குத்து இருந்தால் வேறு விலை. தெற்குப் பார்த்த வாசலுக்கு இன்னொரு விலை. வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் நம்பாததால் விற்பவர் விலையை மாற்றிக்கொள்வதும் கிடையாது. (வாஸ்து பார்க்காதவர் என்றால் தெற்கு வாசலாகத் தேடுங்கள். பிறருடைய பயத்தில் உங்களுக்குக் கழிவு கிடைக்கும்.)

கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், உங்கள் நங்கநல்லூர்ப் பக்கம் விமான நிலையத்துக்கான உயரக் கட்டுப்பாடு என்று இன்னும் சில கத்திரிக்கோல்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வருகிறேன்.

சென்னையில் வீடுகள் இரண்டு வகை: கோடையில் தண்ணீர் வராத வீடு, டிசம்பரில் தண்ணீர் வந்த வீடு. இரண்டிலும் சேராத வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற தெருக்களைத் தரகர்கள் மறக்கவில்லை. 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் படகு போனது என்பது அவர்களுக்கு மனப்பாடம். வேளச்சேரியில் நீங்கள் பார்த்த குறைந்த விலைக்கு 2015-உம், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் காரணமாக இருக்கலாம். அந்த வீட்டின் சுவரில் இடுப்பளவுக்குப் புதுச் சாயம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தியாகராய நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதை. பாதைக்குக் கிழக்கே இருப்பவர் மேற்கே இருப்பவரைவிடக் கூடுதலாகச் சொல்கிறார். இத்தனைக்கும் தியாகராய நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய ஊர். 2021 நவம்பரில் அங்கேயும் ஏரி தன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது. விலை அப்போதும் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கிப் போகவில்லை. இதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர் ஜவுளிக்கடை வைத்திருப்பார், வீடு விற்க மாட்டார்.

இனி, விலை உண்மையில் முடிவாகும் இடம்: பத்திரப் பை.

பழைய வீட்டுக்கு வயதாக ஆக, அதில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை குறைகிறது. கையெழுத்துப் போட வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. 1970-இல் கட்டியவர் ஒருவர். இன்று அந்த வீட்டுக்கு நான்கு பிள்ளைகள், இறந்துபோன ஒரு பிள்ளையின் மனைவி, மக்கள், டல்லாஸில் ஒருவர், பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர். இந்துக் குடும்பங்களில் தகப்பனாரின் சுயசம்பாத்தியம் உயில் இல்லாமல் இறங்கினால், மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமையைத் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இலும் தந்தன. தகப்பனார் 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. ‘தங்கைக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்துகொடுத்தாயிற்று’ என்ற அண்ணன்மார்களின் வாதத்துக்குப் பதிவு அலுவலகத்தில் மதிப்பில்லை. உயில் இருந்தால் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். சென்னையில் உள்ள சொத்துக்கான இந்துக்களின் உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் மெய்யானது என்ற சான்று, வாங்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. வாங்காமல் பீரோவிலேயே தூங்கிய உயில்கள் எத்தனை என்று வக்கீல்களைக் கேளுங்கள்.

எல்லோரும் கையெழுத்திடத் தயாராக உள்ள வீட்டுக்கும், ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் தெரு ஒன்று, மனை ஒன்று, விலை இரண்டு. இரண்டாவது வீட்டை வாங்குகிறவர் வழக்கையும் சேர்த்து வாங்குகிறார். அதற்குக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். தலைமுறையாக அசையாத வாடகைதாரர் இருந்தால் அதற்கும் கழிவு. ஜார்ஜ் டவுனில் இது சாதாரணம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் 2019 பிப்ரவரியில் புதியது அமலுக்கு வந்துவிட்டது, ஆனால் ஆள் அங்கேயேதான் இருக்கிறார். கோயில் அடிமனை வீடுகள் இன்னொரு வகை: கட்டடம் அவருக்கு, மண் சுவாமிக்கு. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, உரிய அனுமதி இல்லாமல் அந்த மண்ணைக் கைமாற்றும் பத்திரத்தைப் பதிய விடாது. ‘மயிலாப்பூரில் இவ்வளவு மலிவா!’ என்று நீங்கள் எங்காவது வியந்திருந்தால், வியப்பை நிறுத்திவிட்டு மண் யாருடையது என்று கேளுங்கள். வீட்டுவசதி வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு விற்பனைப் பத்திரம் வாங்காமலே காலம் தள்ளியவர்களும் உண்டு. அதுவும் மலிவாகத்தான் கிடைக்கும்.

விற்பவரின் அவசரம் எவ்வளவு என்பதும் கேட்கும் விலைக்குள் இருக்கிறது. மூன்று வார விடுப்பில் வெளிநாட்டிலிருந்து வந்தவர், திரும்பும் டிக்கெட்டின் தேதி நெருங்க நெருங்க இறங்கி வருவார். மாடியில் குடியிருந்துகொண்டு, ‘வந்தால் வரட்டும்’ என்று விளம்பரம் கொடுத்திருக்கும் ஓய்வூதியர் பத்து வருடமானாலும் இறங்க மாட்டார். அவர் விற்கவில்லை, விசாரிக்க ஆள் வருவதை ரசித்துக்கொண்டிருக்கிறார். முழுப் பணத்தையும் வங்கி வழியாகவே வேண்டும் என்பவருக்கு ஒரு விலை, ‘பாதி அப்படி, பாதி இப்படி’ என்பவருக்கு ஒரு விலை. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015-லிருந்து சட்டம் சொல்கிறது. தரகர்கள் அதைக் கடவுள் வாழ்த்து போலக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். மெட்ரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை முதல் ரயில் ஓடியது 2015-இல். அன்றிலிருந்து, இன்னும் ஓடாத தடங்களுக்கும் வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரசாங்கம் விலை நிர்ணயிக்கட்டும் என்கிறீர்கள். நிர்ணயித்துத்தான் இருக்கிறது ஐயா. அதற்கு வழிகாட்டி மதிப்பு என்று பெயர். தெருவாரியாகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இருக்கிறது. 2017 ஜூனில் அதை மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் குறைத்ததைத் திரும்ப ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் தனி. 2017 ஜூனில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது உங்கள் அப்பாவின் வீடு மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றியதா? சந்தைக்கும் தோன்றவில்லை. அந்த மதிப்பு வரி வாங்குவதற்காக எழுதியது. அதன்படி விற்றே ஆக வேண்டும் என்று நாளைக்கே சட்டம் வந்தால், முதலில் எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதப் போகிறவர் நீங்கள்தான்.

நீங்கள் எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருப்பது விலைகள் அல்ல, ஆசைகள். கைமாறிய தொகை எவ்வளவு என்பது வேறு பட்டியல். பார்த்த தெருவில் கடந்த இரண்டு மூன்று வருடங்களில் பதிவான பத்திரங்களின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். எழுதிய தொகை முழு உண்மையாக இருக்காது. ஆனால் அரை உண்மைகளை நாலைந்து சேர்த்து வைத்துப் பார்த்தால், தரகர் சொல்வதில் எவ்வளவு காற்று என்று தெரிந்துவிடும்.

இனி புரசைவாக்கம். வாசலில் தெரு எத்தனை அடி, முகப்பு எத்தனை அடி, கீழ் போர்ஷனில் யார் இருக்கிறார்கள், அப்பா உயில் எழுதினாரா, இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. பழைய வீட்டைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதியவர் விலையைத் தவிர வேறு எதையும் குறிப்பிடவில்லை. ‘நியாயமான விலை’ என்கிறீர்கள். யாருடைய வீடு எந்த வருடம் எவ்வளவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டு அந்த எண்ணைப் பிடித்தீர்கள்? தங்கைகள் மூவர் என்று எழுதியிருக்கிறீர்கள். விலையை ‘நாங்கள்’ சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘நாங்க’ளில் அவர்கள் மூவரும் இருக்கிறார்களா?