கொம்பு முயலும் மரப்பாதமும்

வாசகர் கேள்வி - பதில்: அமெரிக்க நாட்டார் கதைகளின் விநோத உயிர்கள்

கே: மான்கொம்போடு இருக்கும் முயல் தலையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டியிருக்கும் படம் பார்த்தேன். ‘ஜாக்கலோப்’ என்கிறார்கள். முழுப் புளுகா?

ப: சுவரில் இருப்பது புளுகுதான். ஆனால், முயலுக்குக் கொம்பு மாதிரி ஒன்று முளைப்பது உண்மை. வயோமிங் மாநிலத்தின் டக்ளஸ் நகரில், 1930-களில், பாடம் பண்ணும் தொழில் தெரிந்த ஹெரிக் சகோதரர்கள் முயலுடலில் மான்கொம்பைப் பொருத்தினார்கள். உள்ளூர் ஹோட்டல்காரர் ஒருவர் அதை 10 டாலருக்கு வாங்கி மாட்டினார். ஊருக்கே அது அடையாளமாகிவிட்டது. ‘வேட்டை உரிமம்’கூடத் தருகிறார்கள், வேட்டைக்கு அனுமதி ஜூன் 31 அன்று மட்டும்!

இன்றைய செய்முறையில் முயல் தலை வடிவ நுரை அச்சின் உச்சியில் சின்னக் கொம்புகளைத் திருகாணியால் இறுக்கி, சுற்றிலும் எபாக்சி மக்கை அப்பி, மேலே தோலை இழுத்துத் தைப்பார்கள். காயும்போது தோல் சுருங்கும். அவசரமாகச் செய்ததென்றால் கொம்படியில் தோல் விலகி இடைவெளி தெரியும். நன்றாகச் செய்திருந்தாலும் அந்த இடத்து மயிரை விரலால் ஒதுக்கிப் பாருங்கள்: உதிரும் மான்கொம்புக்கு அடியில் சொரசொரப்பான எலும்பு வளையம் இருக்கும். முயலில் வளர்வது அப்படி இருக்காது.

அது எலும்பே அல்ல. நகத்தில் இருக்கும் கெரட்டின்தான். கறுத்து, கோணல்மாணலாக, முகத்திலும் கழுத்திலும் கண்டபடி முளைக்கும். வாயைச் சுற்றி வளர்ந்தால் மேய முடியாமல் முயல் பட்டினியில் சாகும். அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ரிச்சர்ட் ஷோப் 1933-இல் இந்த வளர்ச்சிகளை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை நல்ல முயல்களின் கீறிய தோலில் தேய்த்தார். அவற்றுக்கும் முளைத்தது. காரணம் வைரஸ். மனிதர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸும் இதே குடும்பம்தான். கேலிப் பொருளாகத் தொங்கும் தலைக்குப் பின்னால் இப்படியொரு மருத்துவ வரலாறு இருப்பது பலருக்குத் தெரியாது.

கே: காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும் ராட்சதக் குரங்கு மனிதனான பிக்ஃபுட்டின் தடம் என்று காட்டப்படும் பிளாஸ்டர் வார்ப்புகளில் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஒற்றை வார்ப்பை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள், தொடர்ச்சியாக நான்கைந்து தடங்கள் வேண்டும். உயிருள்ள பாதம் ஒவ்வோர் அடியிலும் மாறும். குதிகால் ஓரிடத்தில் ஆழமாகப் பதியும், மேட்டில் விரல்கள் அழுந்தும், உந்தும்போது மண் பின்னால் குவியும். செதுக்கிய கட்டை எங்கே வைத்தாலும் ஒரே வடிவம், ஏறக்குறைய ஒரே ஆழம்.

1958-இல் கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் சாலை போட்டவர்கள் கண்ட 16 அங்குலத் தடம்தான் ‘பிக்ஃபுட்’ என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது. அந்தச் சாலைப் பணியின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002-இல் இறந்ததும், குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய பாதங்களை வெளியே எடுத்துக் காட்டினார்கள்.

நீங்களே வார்ப்பெடுத்துப் பழகலாம். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டரைத் தூவி, கூழ்ப் பதத்தில் கலக்குங்கள். தடத்தின் மேல் நேராக ஊற்றினால் விரல் விளிம்பு உடைந்துபோகும். பக்கத்து மண்ணில் ஊற்றி வழியவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் தூக்கினால் விரிசல் விடும். ஈர மண்ணென்றால் இன்னும் பொறுங்கள். ஒட்டிய மண்ணை அன்றே தேய்க்கக் கூடாது. ஓரிரு நாள் காய்ந்தபின் மெல்லிய தூரிகை போதும்.

கே: மேற்கு வர்ஜீனியாவில் பாலம் இடிந்ததற்கு ‘மாத்மேன்’ காரணம் என்கிறார்களே?

ப: பாயின்ட் பிளசன்டில் சிவந்த கண்ணும் சிறகும் கொண்ட உருவத்தை இரண்டு தம்பதியர் கண்டதாகச் சொன்னது 1966 நவம்பர் 15. ஒஹாயோ ஆற்றின் சில்வர் பாலம் விழுந்தது 1967 டிசம்பர் 15. பதின்மூன்று மாத இடைவெளியை மறந்துவிட்டுத்தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள்.

1928-இல் கட்டிய பாலம் அது. முனைகளில் துளையுள்ள எஃகுப் பட்டைகளை ஆணியால் கோத்த சங்கிலியில் தொங்கியது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். ஒன்று போனால் தாங்க வேறில்லை. ஒரு பட்டையின் துளை உள்விளிம்பில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் விரிசல். துருவும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்த அதை, பட்டைகளின் இணைப்பைக் கழற்றாமல் பார்க்கவே முடியாது. 46 பேர் இறந்தார்கள். பாலங்களை ஒழுங்காகச் சோதிக்க நாடு தழுவிய விதிமுறை வந்ததும் இதற்குப் பிறகுதான். இவ்வளவும் தெரிந்தபின் பழியைச் சிறகின்மேல் போடுவது, செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை.

கே: வெண்டிகோவை மான்மண்டை, கொம்போடு வரையலாமா?

ப: வரையலாம், ஆனால் அது சமீபத்திய அலங்காரம். ஆல்கோன்கியன் மொழிகள் பேசும் பூர்வகுடிகளின் பழைய கதைகளில் வெண்டிகோ என்பது குளிர்காலப் பஞ்சமும் நரமாமிசமும் சேர்ந்த உரு: எலும்பும் தோலுமான உடல், தன் உதட்டையே தின்ற வாய், தின்னத் தின்ன அடங்காத பசி. கொம்பு அதில் இல்லை.