விளக்கு முன்னால் அழுதால் என்ன?

அம்மா போன பிறகு விளக்கேற்றி உட்கார்ந்தாலே அழுகைதான் வருகிறது, சாமி முன்னால் அழக்கூடாது என்று அத்தை திட்டுகிறார், இது பிரார்த்தனையே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவும் பிரார்த்தனைதாங்க. திருவதிகைக் கோயிலில் அப்பர் பாடிய முதல் பதிகமே வயிற்றுவலி தாங்காமல் சிவனிடம் முறையிட்டதுதான், இதை விலக்க மாட்டாயா என்று நேராகவே கேட்கிறார். அவருடைய அக்கா திலகவதியார் பெற்றோரையும், மணக்கவிருந்தவரையும் அடுத்தடுத்து இழந்தவர். அதே கோயிலில் விடியுமுன் பெருக்கி, சாணம் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். மனசு நிலைக்காத நாளில் எனக்கும் அதுதான் ஒத்துவரும், கைக்கு ஒரு வேலை. ஒரு முழம் பூ கட்டிப் பாருங்கள், மந்திரமெல்லாம் அப்புறம். சரி, தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கிறதா? இல்லையென்றால் டாக்டரையும் பாருங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.