குறிப்பிட்ட மாடியில் மட்டும் லிஃப்ட் அதிர்வது ஏன்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் அதிவேக லிஃப்ட் மேலே போகும்போது, நடுவில் சில மாடிகளில் மட்டும் தரை மேலும் கீழும் துடிக்கிறது. லிஃப்டை அதன் செங்குத்துத் தண்டவாளத்தோடு (ரெயில்) சேர்த்துப் பிடிக்கும் கைடு ஷூவை மாற்றியும் நிற்கவில்லை. என்ன காரணம்?

பதில்: கைடு ஷூவும் ரெயிலும் பெரும்பாலும் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் தரும். மேல்-கீழ் துடிப்புக்கு முதலில் கயிறுகளையும், அவற்றை இழுக்கும் மோட்டார் சக்கரமான இழுவைச் சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.

எஃகுக் கயிறு ஒரு நீண்ட ஸ்பிரிங். லிஃப்ட் ஏற ஏறக் கயிறு குறுகி விறைக்கும். நீளம் கால்பங்கானால் இயல்பு அதிர்வெண் (லிஃப்ட் தானாக நொடிக்கு எத்தனை முறை துடிக்கும் என்பது) ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கயிறு நேரடியாக லிஃப்டைத் தூக்கும் அமைப்பில், 0.6 மீட்டர் விட்டமுள்ள சக்கரம், நொடிக்கு 6 மீட்டர் வேகம் என்றால், சக்கரம் நொடிக்கு சுமார் 3.2 முறை சுற்றும். சக்கரம் சற்றே மையம் விலகியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதை. கயிற்றின் அதிர்வெண் அதோடு ஒத்துப்போகும் உயரத்தில் ஒத்ததிர்வு வரும், அதாவது உதைகள் சேர்ந்து துடிப்பு பெருகும். 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை துடிப்பு) வரையிலான செங்குத்து அதிர்வை உடல் மிகக் கூர்மையாக உணரும், 3.2 அதற்கு மிக அருகில்தான்.

பராமரிப்பாளரிடம் வேகத்தை 5 மீட்டராகக் குறைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். துடிக்கும் இடம் கீழ் மாடிகளுக்கு நகர்ந்தால் ஒத்ததிர்வு உறுதி. நகராவிட்டால் அந்த உயரத்தில் உள்ள ரெயில் இணைப்பைச் சோதிக்கலாம்.

பிறகு ஒவ்வொரு கயிற்றின் இழுவிசையையும் அளந்து, சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது: இறுக்கமான கயிறு சக்கரத்தில் உள்ள தன் பள்ளத்தை ஆழமாகத் தேய்க்கும், பள்ளங்கள் சமமில்லாவிட்டால் கயிறுகள் வழுக்கி வழுக்கி இழுக்கும். அடுத்து டயல் கேஜ் (நுண்ணிய விலகலை அளக்கும் கருவி) வைத்துச் சக்கரத்தையும், சுழற்சியை அளக்கும் என்கோடரின் இணைப்பையும் பார்க்கட்டும். லிஃப்டின் அடியிலுள்ள ரப்பர் மெத்தைகள் கெட்டித்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.