14 வயது மகளோடு கனடா போகிறோம், எந்த ஊரில் இறங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் இருக்கும் குடும்பம், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற கனடா அரசின் குடியேற்ற வழியில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வந்துவிட்டது, மகள் ஒன்பதாவது முடிக்கப் போகிறாள், அப்பா அம்மா இருவரும் ஐ.டி., ஆனால் அங்கே வேலை இன்னும் கையில் இல்லை. டொராண்டோ, கால்கரி, மாண்ட்ரியல், இந்த மூன்றில் எங்கே போய் இறங்குவது?

நாங்கள் ஆதம்பாக்கத்திலிருந்து டொராண்டோ போனபோது என் மகனுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். அவன் இப்போது அங்கேயே கல்லூரியில் படிக்கிறான். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் நானும் வீட்டுக்காரரும் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். நான் சொல்வது ஒரு அம்மா பார்த்த கனடா, ஏஜென்ட் ஆபீஸில் சொல்கிற கனடா மாதிரி இருக்காது.

முதலில் மாண்ட்ரியலை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இருப்பது கியூபெக் மாகாணத்தில், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்றாலே கியூபெக்கிற்கு வெளியே குடியிருக்கப் போவதாகச் சொல்லித்தான் விண்ணப்பித்திருப்பீர்கள். அதை விடுங்கள், பிள்ளைக்கே அங்கே கஷ்டம். 1977இல் வந்த மொழிச் சட்டப்படி, குடியேறி வருகிறவர்களின் பிள்ளைகள் பொதுவாக பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை என்றால் ஒரு வருடத்தில் பிரெஞ்சில் சண்டையே போடும். பதினான்கு வயதில் அறிவியலையும் கணக்கையும் புது மொழியில் படி என்றால் பாவம் இல்லையா? போதாததற்கு அங்கே பள்ளி பதினொன்றாவதோடு முடிந்து, அப்புறம் செஜெப் என்ற கல்லூரியில் தனியாக இரண்டு வருடம். நல்ல ஊர்தான், சாப்பாடும் பிரமாதம், டூர் போய்க்கொள்ளுங்கள்.

மிச்சம் டொராண்டோவும் கால்கரியும். எல்லோரும் வாடகை, வேலை, குளிர் என்றுதான் ஒப்பிடுவார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் மகள் உங்கள் காரை எதிர்பார்க்காமல் தானாகப் போய் வர முடிகிற இடமா அது? மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே அவள் எப்படிப் போய் வருகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். டியூஷனுக்கு சைக்கிள், தோழி வீட்டுக்கு ஷேர் ஆட்டோ, அவசரத்துக்கு பஸ். என் மகன் எட்டாவது படிக்கும்போதே பையன்களோடு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கி மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரி வருவான், நான் வாசலில் நின்று திட்டுவேன், அதோடு சரி. அப்படி வளர்ந்த பிள்ளையை, வீடு பெரிதாகக் கிடைக்கிறதே என்று புறநகரில் புதிதாகப் போட்ட ஒரு லேஅவுட்டில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதை என் நாத்தனார் வீட்டில் பார்த்தேன். நான்கு பெட்ரூம், இரண்டு கார் நிற்கிற கராஜ், பின்னால் தோட்டம், எல்லாம் உண்டு. பால் வாங்கும் கடைக்கு மட்டும் காரில்தான் போக வேண்டும். பஸ் அரை மணிக்கு ஒன்று, சனி ஞாயிறு அதுவும் குறைவு. அவள் பெண் சனிக்கிழமை மத்தியானம் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் செருப்பு வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அப்பா வந்து லைப்ரரியில் விட வேண்டும், அவருக்கு மீட்டிங் முடியவில்லை. கொஞ்ச நேரம் போனை நோண்டிவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மேலே போய்விடுவாள். அந்த வயதில் சிநேகிதம் என்பதே பள்ளி விட்டபின் சேர்ந்து சுற்றுவதுதானே, அதற்கு வண்டி இல்லாத பிள்ளையை அடுத்த முறை யாரும் கூப்பிடவே மாட்டார்கள்.

லைசென்ஸ் எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். டொராண்டோ இருக்கிற ஒண்டாரியோ மாகாணத்தில் 16 வயதில் ஜி1 என்கிற கற்றுக்கொள்ளும் லைசென்ஸ் கிடைக்கும், ஆனால் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்தால்தான் ஓட்டலாம். தனியாக ஓட்ட ஜி2 வேண்டும், அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், டிரைவிங் கோர்ஸ் முடித்திருந்தால் எட்டு மாதம். ஆக உங்கள் பெண்ணுக்கு இன்னும் இரண்டரை வருடமாவது கார் கிடையாது, அதற்குள் பள்ளியே முக்கால்வாசி முடிந்துவிடும். கால்கரி இருக்கிற ஆல்பர்ட்டா மாகாணத்தில் கொஞ்சம் தளர்வு, 14 வயதிலேயே கற்றுக்கொள்ளும் லைசென்ஸ், 16இல் தனியாக ஓட்டலாம். அப்படியே இருந்தாலும் அவளுக்கென்று ஒரு கார், இன்சூரன்ஸ் என்று போட முதல் வருடத்திலேயே யாருக்கு முடியும்?

அதனால் டொராண்டோ என்று முடிவானால் நகருக்குள்ளேயே, டி.டி.சி. என்கிற நகர பஸ், சப்வே ஓடுகிற எல்லைக்குள் பாருங்கள். 13 முதல் 19 வயது வரை சலுகைக் கட்டணம், ஒரு முறை கார்டைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு பஸ், சப்வே எது மாறினாலும் அதே காசு. நாங்கள் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டு பெட்ரூமில் இருந்தோம், கிச்சன் இங்கே நம் பூஜை அறை அளவு. போய் இறங்கிய முதல் மாதமே என் மகன் லைப்ரரி, கம்யூனிட்டி சென்டர் எல்லாம் எங்களுக்கு வழி காட்டினான். கால்கரி என்றால் சி-டிரெய்ன் என்கிற நகர ரயிலின் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள், அங்கே வாடகையும் குறைவு, மாகாண விற்பனை வரியும் கிடையாது. குளிரில் இரண்டு ஊருக்கும் பெரிய பஞ்சாயத்து வேண்டாம், சென்னைக்காரருக்கு இரண்டுமே தண்டனைதான். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும், அந்த இருட்டில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

இனி படிப்பு. அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, உங்கள் முகவரிக்கு எந்தப் பள்ளியோ அதில்தான் பொதுவாக இடம். இங்கே மாதிரி நல்ல ஸ்கூலைப் பிடித்துவிட்டு வேனில் அனுப்புவது நடக்காது. வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரியைப் பள்ளி வாரியத்தின் தளத்தில் போட்டு எந்த ஹைஸ்கூல் என்று பாருங்கள். ரேங்க் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகள் நிறையப் படிக்கிற பள்ளியா என்று. அப்படிப்பட்ட பள்ளியில் நம் ஊர் மார்க் ஷீட்டைப் பார்த்து யாரும் முழிக்க மாட்டார்கள், புதிதாக வந்த குடும்பத்துக்கு உதவ ஆளும் இருப்பார், முக்கியமாக உங்கள் பெண் மட்டும் வகுப்பில் புதுசாகத் தெரியமாட்டாள்.

ஒண்டாரியோவில் ஹைஸ்கூல் முடிக்க 30 கிரெடிட் (தேறிய பாடத்துக்குக் கிடைக்கும் கணக்கு), 40 மணி நேர சமூக சேவை, ஒரு எழுத்தறிவுத் தேர்வு. இங்கே படித்ததற்கு எத்தனை கிரெடிட் என்பதை அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர்தான் முடிவு செய்வார். ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்று மொத்தமாகக் கட்டித் தரமாட்டார்கள், ஒவ்வொரு பாடமாக நாமே எடுக்க வேண்டும், பதினொன்றாவதில் இயற்பியலை விட்டால் பன்னிரண்டாவது இயற்பியலில் உட்கார முடியாது. பல்கலைக்கழகத்துக்குப் பன்னிரண்டாவதில் சிறந்த ஆறு பாடங்கள்தான் பேசும். ஆல்பர்ட்டாவில் முறை வேறு, பன்னிரண்டாவதின் முக்கியப் பாடங்களில் மாகாணத் தேர்வுக்கு 30 சதவீதம், மீதி பள்ளி போடுவது. பப்ளிக் எக்ஸாமுக்குப் பழகிய நம் பிள்ளைகளுக்கு ஒருவேளை அதுவே சௌகரியமாக இருக்கலாம்! எதுவானாலும் போய்ச் சேர்ந்தபின் பதினொன்றாவதில் அப்பாவுக்கு வேறு மாகாணத்தில் வேலை வந்தது என்று கிளம்பாதீர்கள். தேவைப்பட்டால் அவர் தனியாகப் போய் ரூம் எடுத்து இருக்கட்டும், நம் ஊரில் பெங்களூருக்கு எத்தனை பேர் அப்படிப் போய் வருகிறார்கள்.

தமிழர்கள் நிறைய இருக்கிற இடமா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இட்லி மாவிலிருந்து கோயில் திருவிழா வரை எல்லாம் உண்டு, பெரும்பாலும் ஈழத்துக் குடும்பங்கள், உதவி என்றால் ஓடி வருவார்கள். தமிழையே ஹைஸ்கூல் கிரெடிட்டாகவும் எடுக்கலாம். ஆனால் அந்தச் சௌகரியம் முக்கால்வாசி நமக்குத்தான். பிள்ளைக்குத் தமிழ்த் தோழி கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் சோமாலியத் தோழியோ சீனத் தோழியோ கிடைப்பாள், பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எப்போது போவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கே மார்ச், ஏப்ரலில் ஒன்பதாவது முடியும், அங்கே செப்டம்பரில் பள்ளி தொடங்கும், நடுவில் ஜூலையில் போய் இறங்கினால் வெயில் காலத்திலேயே தெருவெல்லாம் பழகிவிடும். தவறினால் பிப்ரவரி, பல பள்ளிகளில் இரண்டாவது செமஸ்டர் அப்போதுதான் புதிதாகத் தொடங்கும். நவம்பரில் மட்டும் வேண்டாம், பாதி நடந்த பாடத்தில் உட்கார வேண்டி வரும்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதியை மகளிடமே கொடுத்துவிடுங்கள். வாடகை விளம்பரத்தில் வரும் ஐந்தாறு முகவரிகளைக் கொடுத்து, கூகுள் மேப்ஸில் பஸ், ரயில் மட்டும் வைத்து, செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கு, சனிக்கிழமை சாயங்காலம் லைப்ரரிக்கும் நீச்சல் குளத்துக்கும் எவ்வளவு நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் மகன் இப்படித்தான் அவன் அப்பா ஆசைப்பட்ட இரண்டு வீடுகளைக் கழித்துக் கட்டினான்.

கிளம்பும் முன் டி.சி., மார்க் ஷீட்டோடு தடுப்பூசி விவரத்தையும் குழந்தை டாக்டரிடம் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒண்டாரியோ பள்ளிகளில் அதைக் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் கொஞ்ச நாள் வராதே என்றுகூட நிறுத்தி வைக்கலாம். நம் அரசுப் பட்டியலில் தட்டம்மை, ருபெல்லா உண்டு, பொன்னுக்கு வீங்கி கிடையாது, மூளை உறைக் காய்ச்சலுக்கான மெனிஞ்சோகாக்கல் ஊசியும் நம் பிள்ளைகள் பலருக்குப் போட்டிருக்காது. அங்கே இரண்டுமே கட்டாயம். சின்ன வயதில் தனியாரில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி போட்டிருந்தால் பழைய கார்டைத் தேடி எடுத்து வையுங்கள்.