மறுப்பை எழுத்தில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வாகனமும் நுகர்வோரும்

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரி ஷோரூம் ஒன்றில் பதினொன்றரை லட்ச ரூபாய்க்கு டீசல் கார் வாங்கியபோதே, தனியாகப் பணம் கட்டி ஐந்தாம் ஆண்டு வரை நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் எடுத்துக்கொண்டேன். இதுவரை 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற மாதம் சிதம்பரம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது வண்டியின் இழுவை குறைந்து, விசில் அடிப்பது போன்ற சத்தமும் கரும்புகையும் வந்தன. டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போய்விட்டது என்றும் மொத்தம் 1,38,000 ரூபாய் ஆகும் என்றும் சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். ஒரு சர்வீஸை இரண்டு மாதம் தாமதமாக விட்டதாலும், ஒருமுறை வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியதாலும் வாரண்டி செல்லாது என்று வாய்மொழியாகவே கூறி அனுப்பிவிட்டார்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால், டீலரிடம் பேசுங்கள் என்கிறார்கள். மாதத் தவணை இன்னும் முடியவில்லை. எனக்கு வழி உண்டா, ஐயா?
– வாசகர், கடலூர்

பதில்: வழி உண்டு. ஆனால் நீங்கள் அடுத்து எடுத்துவைக்கும் இரண்டு மூன்று அடிகளைப் பொறுத்தே அது திறக்கும் அல்லது அடைபடும். முதலில், வாய்மொழி மறுப்பை மறுப்பாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த உதிரிபாகம் பழுதானது, அதற்குக் காரணம் என்று எதைக் கருதுகிறார்கள், வாரண்டி ஒப்பந்தத்தின் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் பதில் கேட்டு, டீலருக்கும் கார் நிறுவனத்திற்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள்; அதே கடிதத்தை விரைவு அஞ்சலிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால், நாளை வழக்கு என்று வரும்போது, வாடிக்கையாளர் வாரண்டியே கேட்கவில்லை, எஸ்டிமேட் தொகை அதிகம் என்று வண்டியை எடுத்துச் சென்றுவிட்டார் என்று அவர்கள் சொல்ல இடம் கிடைத்துவிடும். பதில் வரும்வரை டர்போவைக் கழற்ற அனுமதிக்காதீர்கள். வெளியே கொண்டுபோய்த் திறக்கவும் வேண்டாம். ஏனென்றால் உங்களுக்குச் சாதகமான சான்று முழுவதும் அந்தப் பாகத்திற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், டர்போதான் போய்விட்டது என்பதையே நான் உடனடியாக ஏற்கமாட்டேன். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ, அதன் கிளிப் தளர்ந்தாலோ, விசில் சத்தமும் இழுவைக் குறைவும் கரும்புகையும் சேர்ந்தே வரும். டீசலுக்கு ஏற்ற காற்று சிலிண்டருக்குள் போய்ச் சேராததால் வரும் புகை அது. டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் பெரும்பாலும் நீலப்புகை வரும், ஆயில் மட்டமும் குறைந்துகொண்டே போகும். ஆகவே காற்றுக்கசிவுச் சோதனை செய்தார்களா, செய்திருந்தால் வேலை விவரத்தைப் பதியும் ஜாப் கார்டில் அதன் முடிவைப் பதிந்தார்களா என்று கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய் ஹோஸில் முடியக்கூடிய வேலை ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டி நிற்பது உங்கள் வண்டியிலும் நடந்திருக்கலாம்.

சோதனைக்குப் பிறகும் டர்போதான் பழுது என்று உறுதியானால், அடுத்த கேள்வி காரணம் பற்றியது. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. என்ஜின் ஆயிலின் மெல்லிய படலம்தான் அதைத் தாங்குகிறது. ஆயில் பழையதாகிக் கசண்டு சேர்ந்தால் பேரிங் தேயும் என்பது உண்மை. டீலர் சொல்வதில் பொதுவாகப் பொருள் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கெட்ட ஆயில் டர்போவை மட்டும் தேடிச் சென்று தாக்குவதில்லை. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கு அடியிலும், ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்பிலும், ஆயில் உறிஞ்சும் வடிகட்டியிலும், டர்போவுக்குப் போகும் மெல்லிய ஆயில் குழாயிலும் அதன் தடம் இருக்க வேண்டும். அவையெல்லாம் சுத்தமாக இருந்து டர்போ மட்டும் போயிருந்தால், தாமதமான சர்வீஸின் மேல் பழியைப் போடுவது கடினம். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ்கள் சிதைந்திருந்தால், ஏதோ ஒரு துணுக்கு உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அதற்கும் ஆயிலுக்கும் தொடர்பில்லை. இந்த இடங்களை உங்கள் முன்னிலையில் திறந்து, புகைப்படம் எடுத்து, அதற்குப் பிறகு காரணத்தை எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. வெளியே ஆயில் மாற்றியதற்கான பில் இருந்து, நிறுவனம் கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலான ஆயிலே ஊற்றப்பட்டது என்று அதில் தெரிந்தால், அந்த ஒரு தாளின் மதிப்பு பெரிது.

வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி செத்துவிடும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். வணிகப் போட்டியில் முறைகேடுகளைத் தடுக்கும் அமைப்பான இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையில், 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததோடு, தனியார் மெக்கானிக்கிடம் வேலை பார்த்த ஒரே காரணத்திற்காக வாரண்டியை முழுவதுமாக ரத்து செய்யும் பொது நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும், வெளியே நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் கூறியது. அந்த ஆணையை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடுகளுக்குச் சென்றன. ஆகவே அதையே பிரம்மாஸ்திரமாகக் கருத வேண்டாம். ஆனாலும், சேதத்திற்கும் காரணத்திற்கும் தொடர்பைக் காட்ட வேண்டும் என்ற நியாயத்தை உங்கள் கடிதத்தில் எடுத்துச் சொல்ல அது பயன்படும்.

இனி வாரண்டிப் பத்திரத்தையே எடுத்துப் பாருங்கள். நீட்டிக்கப்பட்ட வாரண்டி என்பது தனி ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டிருப்பது கார் நிறுவனமா, டீலரா, வேறொரு சேவை நிறுவனமா என்பதைப் பொறுத்து எதிர்த்தரப்பு மாறும். சர்வீஸுக்கு எத்தனை நாள் அல்லது எத்தனை கிலோமீட்டர் சலுகை உண்டு என்பதும் அதிலேயே இருக்கும். உங்கள் இரண்டு மாதத் தாமதம் அந்தச் சலுகையைத் தாண்டியிருந்தால் வழக்கு எளிதாக இருக்காது. இதை மறைத்து உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. அப்படிப்பட்ட நிலையில், முழுச் செலவு இல்லாவிட்டாலும் உதிரிபாக விலையில் ஒரு பகுதியை நல்லெண்ண அடிப்படையில் நிறுவனம் ஏற்கும்படி கேளுங்கள். இந்த வழக்கம் கார் நிறுவனங்களில் இருக்கிறது. பழைய சர்வீஸ் பில்களையெல்லாம் இணைத்து வட்டார சர்வீஸ் மேலாளருக்கு எழுதினால் பரிசீலிப்பார்கள். டீலர் தயங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. வாரண்டியில் செய்த வேலைக்கு அவர் நிறுவனத்திடம்தான் பணம் பெற வேண்டும்; ஆவணம் சரியில்லை என்று நிறுவனம் நிராகரித்தால் நட்டம் அவர் தலையில் விழும். அதனால்தான் உங்கள் கடிதம் இருவருக்கும் போக வேண்டும் என்கிறேன்.

இவையெல்லாம் பயனளிக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அது நீதிமன்றம் அல்ல, ஆனால் நிறுவனத்திடமிருந்து எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற்றுத்தரக்கூடியது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டியைப் புதுச்சேரியில் வாங்கியதால் அங்கேதான் வழக்குப் போட வேண்டுமோ என்ற கவலை பலருக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்தக் கவலைக்கு இடமில்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்று அதன் 34ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கடலூர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 10 லட்சத்திற்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய்தான். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. மறுக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால், மறுப்பை எழுத்தில் தேதியோடு பெறுவது இங்கேயும் உதவுகிறது.

மனுவில் டீலர், கார் நிறுவனம் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். டீலர் செய்த தவறுக்கு உற்பத்தி நிறுவனம் தானாகவே பொறுப்பாகிவிடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோவா வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள், எதைச் செய்யத் தவறினார்கள் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். புது வண்டி வேண்டும் என்று கேட்காதீர்கள். வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ தரப்படும் உறுதி, அதைக் கொண்டு முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்பது 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் சாரம். டர்போவின் விலை, வேலைக்கூலி, வண்டி நின்ற காலத்தின் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான தொகை என்று கேட்டால் மனு வலுவாக நிற்கும். கூடவே ஒரு நிபுணர் அறிக்கை மிக அவசியம். ஓர் அரசு பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறையையோ, உரிமம் பெற்ற வாகன மதிப்பீட்டாளரையோ அணுகலாம்; ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

அவ்வளவு காலம் வண்டி இல்லாமல் பிழைப்பு நடக்காது என்றால், பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாரண்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்போடு செலுத்துகிறேன் என்று பில்லிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கழற்றிய பழைய டர்போவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் வரி விகிதத்தையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான்.

கேள்வி: புது கார் பதிவுசெய்திருக்கிறேன். காப்பீட்டையும் நீட்டிக்கப்பட்ட வாரண்டியையும் இங்கேயே எடுத்தால்தான் டெலிவரி என்று ஷோரூமில் சொல்கிறார்கள். எடுப்பது நல்லதுதானா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அப்படிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை, அம்மா. ஒன்றை விற்பதற்கு இன்னொன்றை வாங்கும்படி நிபந்தனை போடுவதை 2019 சட்டம் தடைசெய்யத்தக்க வணிக நடைமுறையாகக் கருதுகிறது. காப்பீட்டை எந்த நிறுவனத்திலும் எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நிபந்தனையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு நிபந்தனை மறைந்துவிடும்.

எடுக்கலாமா என்பது வண்டியைப் பொறுத்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, மின்னணுக் கருவிகள் நிறைந்த வண்டி என்றால், கார் நிறுவனமே நேரடியாகத் தரும் திட்டத்தை எடுப்பது நல்லது. சாதாரண பெட்ரோல் வண்டி, ஊருக்குள் மட்டும் ஓட்டுவது என்றால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள். அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்க அநேக நிறுவனங்கள் அனுமதிப்பதால், டெலிவரி அன்றே முடிவெடுக்கத் தேவையில்லை. கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, பேட்டரி, டயர், ரப்பர் புஷ் ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்று விலக்கப்பட்டிருக்கும். கடற்கரையில் வசிக்கும் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உப்புக்காற்றில் ஏ.சி. கண்டென்சர் அரித்து ஓட்டை விழுந்தால் வாரண்டியில் மாற்றுவார்களா, அல்லது சுற்றுச்சூழலால் வந்த சேதம் என்று ஒதுக்குவார்களா? பதிலை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: 2024 டிசம்பர் வெள்ளத்தில் என் கார் மூழ்கியது. காப்பீட்டில் சரிசெய்து கொடுத்தார்கள். பிறகு மின்னணுக் கோளாறுகள் தொடர்ந்து வருகின்றன. தண்ணீர் புகுந்த வண்டி என்று சொல்லி வாரண்டியில் பார்க்க மறுக்கிறார்கள்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் உங்களைப் போல் பலர் பாதிக்கப்பட்டார்கள். வெள்ளச் சேதம் வாரண்டிக்குள் வராது. அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி. அது காப்பீட்டுக்குரியது. காப்பீட்டு நிறுவனம் ஏதேனும் ஒரு தொகையை மறுத்திருந்தால், மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆனால் உங்கள் வழக்கு வாரண்டியைப் பற்றியதாக இல்லாமல், பழுதுபார்த்த வேலையின் குறையைப் பற்றியதாக இருக்கலாம். அன்றைய பில்லை எடுத்துப் பாருங்கள். வயரிங், கனெக்டர்கள், கண்ட்ரோல் யூனிட் ஆகியவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்ததாகவோ மாற்றியதாகவோ தொகை வசூலித்திருந்து, இப்போது அதே கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், அந்த வேலை சரியாகச் செய்யப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று. இது சேவைக் குறைபாடு; வாரண்டி விதிகள் இதைத் தடுக்க முடியாது. அவர்கள் அந்த முனைகளைத் துடைப்பதற்கு முன், தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள்.