கண்ணை மூடினால் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: சி.ஏ. ஃபைனலில் இரண்டாவது க்ரூப்பை முடித்துவிட்டேன். முதல் க்ரூப்பை மூன்றாவது முறையாக எழுதப் போகிறேன். போன இரண்டு தடவையும் எஃப்.ஆர். (ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்) வினாத்தாளை வாங்கியதும் கை சில்லிட்டு, படித்ததெல்லாம் மறந்த மாதிரி ஆகிவிட்டது. 'பாஸாகிவிட்டதாகத் தினமும் கற்பனை செய், பதற்றம் போய்விடும்' என்கிறார் அண்ணன். செய்து பார்த்தால், கண்ணைத் திறந்ததும் பயம் இன்னும் கூடுகிறது. தப்பாகச் செய்கிறேனா? – வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் செய்தது தப்பில்லை. உங்களைப் பார்க்கச் சொன்ன காட்சிதான் உதவாத காட்சி. ரிசல்ட் வந்துவிட்டது, வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பயம் இருப்பது மதியம் 1.45-க்கு வினாத்தாள் கைக்கு வரும் நிமிடத்தில். அதைத் தாண்டிக் குதித்துக் கேசரிக்குப் போய்விட்டால், கண்ணைத் திறக்கும்போது அந்த நிமிடம் அப்படியே காத்திருக்கும்.

1999-இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தேர்வுக்கு முன் ஒரு பிரிவு மாணவர்கள் நல்ல கிரேடு வாங்கியதாகக் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர் உட்கார்ந்து படிப்பதைப் படிப்படியாகக் கற்பனை செய்தார்கள். மதிப்பெண் கூடியதும் பதற்றம் குறைந்ததும் இரண்டாவது பிரிவினருக்குத்தான்.

சரி, எப்படிச் செய்வது? ரிசல்ட்டை விட்டுவிடுங்கள். 1.30 முதல் 2.15 வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்ச், மின்விசிறிச் சத்தம், கால்குலேட்டர், தண்ணீர் பாட்டில். வினாத்தாள் வருகிறது. கட்டாயமாக எழுத வேண்டிய முதல் கேள்வியே அரைப் பக்கம் நீளும் கன்சாலிடேஷன் கணக்கு, அதாவது தாய் நிறுவனம், துணை நிறுவனங்களின் கணக்குகளை ஒன்றாக்கும் கணக்கு. ஒன்றும் புரியவில்லை.

இங்கே காட்சியை அழகாக்கிவிடாதீர்கள். கை சில்லிடட்டும். அட்ரினலின் ஏறும்போது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால்தான் விரல் குளிர்கிறது. மூளை காலியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. படித்தது எங்கும் போகவில்லை. கணக்குப் போட வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது செய்யப்போவதைப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுகிறீர்கள். இப்படி ஐந்து முறை; ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்தைத் திருப்புகிறீர்கள். தெரிந்த ஒரு கேள்வி கண்ணில் படுகிறது. 'இரண்டு மணிக்கு இதில் ஆரம்பிக்கிறேன், முதல் கேள்வி அப்புறம்' என்று மனதுக்குள் வரிசை போடுகிறீர்கள். மணி அடிக்கிறது, விடைத்தாளில் கேள்வி எண்ணை எழுதுகிறீர்கள். காட்சி அங்கேயே முடியட்டும்.

கெட்டதை ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்று அண்ணன் கேட்பார். நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் கதையைச் சொல்லுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதிப் போட்டியில் அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசியில் எதிரே எதுவும் தெரியவில்லை. கை வீச்சை எண்ணிக்கொண்டே நீந்தினார். தங்கம் கிடைத்தது, 1 நிமிடம் 52.03 வினாடி என்று உலக சாதனையும் ஆனது. எல்லாம் கோளாறாகப் போகும் பந்தயத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துப் பழகியவர் அவர்.

தினமும் ஐந்தாறு நிமிடம் போதும், தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து. படுக்கையில் வேண்டாம், தூக்கம் கெடும். மேஜை முன் உட்கார்ந்து செய்யுங்கள். சிலருக்குக் கண்ணை மூடினால் படமே வராது. அது குறை இல்லை. அவர்கள் இதையே வரிவரியாக எழுதிப் படிக்கலாம்.

இன்னொன்றைக் கறாராகவே சொல்கிறேன். நிஜ மாக் டெஸ்ட் எழுதாமல் இதை மட்டும் செய்தால் பலன் கொஞ்சம்தான். வாரம் ஒரு நாளாவது மதியம் 1.45-க்கு உட்கார்ந்து, பதினைந்து நிமிடம் வினாத்தாளை வாசித்து, மூன்று மணி நேரம் முழுசாக எழுதுங்கள். அன்று தெரியாத கேள்வி வந்தால் நல்லதாகப் போயிற்று, மூச்சையும் வரிசையையும் அங்கேயே பழகிவிடலாம்.

வாரக்கணக்கில் தூக்கமே வரவில்லை, சாப்பிட முடியவில்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்றால் இது கற்பனைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளும் விஷயமில்லை. மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

தேர்வன்று காலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதும். எஃப்.ஆர். முடிந்ததும் கேட் பக்கம் நின்று யாருக்கு என்ன விடை வந்தது என்று ஒப்பிட வேண்டாம், நேரே வீட்டுக்குப் போங்கள். அடுத்த பேப்பருக்கு மறுபடியும் அதே 1.45 வரும்.